ஆசிட்டில் கரைந்த தலை

என் கொழுந்தியாள் கல்லூரியில் பாடம் எடுத்துக்கொண்டே நிலவியலில் ஆராய்ச்சி செய்கிறவள். இந்தக் கோடையில் இமயமலையில் ஸ்பிதி பக்கம் அலைந்துவிட்டு, நேரே தூத்துக்குடியில் எங்கள் வீட்டுக்கு வந்து இறங்கினாள். பையிலிருந்து ஒரு சுண்ணாம்புக்கல்லை எடுத்து மேசையில் வைத்தாள். கல்லின்மேல் கட்டைவிரல் நீளத்தில் ஒரு பிராணி ஒட்டிக்கொண்டிருந்தது.

“ஏளா, அம்புட்டுத் தூரம் போயி மரவட்டையையா கொண்டாந்திருக்க?”

“மரவட்டை இல்ல அத்தான், ட்ரைலோபைட். கடல்ல இருந்த பிராணி, கல்லாப் போயிருச்சு. வயசு ஐம்பது கோடி வருசம்.”

“வயசுக்கு ஒடம்ப நல்லாத்தான் வச்சிருக்கு. ஒங்க அக்காளப் பாரு, நாப்பத்தஞ்சுக்கே மூட்டுவலிங்கா.”

அடுக்களையில் ஒரு கரண்டி வேண்டுமென்றே கீழே விழுந்தது.

கேலி செய்தாலும் அவள் விளக்கியதைக் கேட்டுக்கொண்டுதான் இருந்தேன். நெடுக்குவாட்டில் மூன்று வரிசையாகப் பிரிந்த உடம்பு. சிங்கி இறால் மாதிரி ஓட்டைக் கழற்றிவிட்டு வளரும். ஓடு பிளப்பதற்கென்றே தலையில் ஒரு கோடு உண்டு. அந்தக் கோடு இனத்துக்கு இனம் மாறும், காலம் போகப்போகவும் மாறும். அதை வைத்துத்தான் எது எதற்குச் சொந்தம் என்று சொல்ல முடியும். அவள் பொறுக்கி வந்த மற்ற துண்டுகளில் எல்லாம் உடம்பும் வாலும்தான். தலை முழுசாக இருந்தது இந்த ஒன்றில் மட்டும்.

“இதே குடும்பம் ஆஸ்திரேலியாவுலயும் இருந்திச்சுன்னு வைங்க. அப்ப ரெண்டு எடத்துக்கும் நடுவுல ஆழ்கடல் இருந்திருக்காது. இது கரையோரத் தரையில ஊர்ந்து திரியிற சாதி. நம்ம சங்கு மாதிரி. சங்கு நீந்தி ஆப்பிரிக்காவுக்கா போவும்?”

சங்கு மாதிரி! அவள் சொன்னதில் என் மண்டையில் தங்கியது அது ஒன்றுதான். நான் சங்கு வியாபாரி. கடலிலிருந்து வரும் சங்கின் மேல் அழுக்கும் சுண்ணாம்பும் ஏடுகட்டியிருக்கும். தண்ணீர் கலந்த ஆசிட்டில் முக்கி எடுத்தால் வெள்ளைவெளேரென்று வந்துவிடும். எங்கள் பட்டறையில் தினமும் நடக்கிற வேலை.

ஞாயிற்றுக்கிழமை காலையில் அக்காளும் தங்கையும் மீன் வாங்கத் தருவைகுளம் போனார்கள். மறுநாள் அவள் அந்தக் கல்லைத் தன் ஆராய்ச்சிக்கு வழிகாட்டும் கைடிடம் காட்டவேண்டும். தலைமேல் ஏதோ படிந்து கோடு சரியாகத் தெரியவில்லை, லேபில் ஊசி வைத்துத்தான் சுரண்டவேண்டும் என்று முந்தின நாள் அலுத்துக்கொண்டிருந்தாள். ஊசி எதற்கு, அத்தான் எதற்கு இருக்கிறேன்? கல்லை எடுத்துக்கொண்டு பட்டறைக்குப் போனேன். தலைப்பக்கத்தை மட்டும் ஆசிட்டில் இறக்கினேன். சுர்ரென்று நுரைத்தது. சரி, அழுக்கு போகிறது என்று நினைத்தேன். அந்த நேரம் பார்த்து ஒரு கஸ்டமரிடமிருந்து போன். ஜோக் அடிப்பதை நான் பாதியில் நிறுத்துகிற ஆளா?

திரும்பிப் பார்த்தபோது கல் மழமழவென்று இருந்தது. தலையைக் காணோம்.

அதற்கப்புறம் நான் செய்ததையெல்லாம் யாரும் வீடியோ எடுக்காதது என் பாக்கியம். வெறுங்கையால் கல்லைப் பிடுங்கினேன். கை எரிந்தது. கல்லைத் தண்ணீரில் போட்டேன், எடுத்தேன், திரும்பப் போட்டேன். தலை எங்காவது கழன்று கிடக்குமோ என்று வாளிக்குள் டார்ச் அடித்துப் பார்த்தேன். திருச்செந்தூர் முருகனுக்கு மொட்டை போடுவதாக நேர்ந்துகொண்டேன். என் தலையில் எடுப்பதற்கு ஒன்றும் பாக்கியில்லை என்பது அவனுக்கும் தெரியும்.

அவர்கள் மீனோடு வந்தபோது கல் மேசையில் இருந்தது, அசையாத முகத்தோடு பக்கத்தில் நான். அவள் குனிந்து பார்த்தாள்.

“என்ன செஞ்சிய அத்தான்?”

“குளிப்பாட்டினேன். அம்பது கோடி வருச அழுக்குல்லா...”

யாரும் சிரிக்கவில்லை. என் வீட்டுக்காரி மீன்பையைக் கீழே வைக்காமல் அப்படியே நின்றாள். கொழுந்தியாளுக்குக் கத்தத் தெரியும், எத்தனையோ முறை வாங்கிக் கட்டிக்கொண்டிருக்கிறேன். அன்றைக்குக் கத்தவில்லை. விரலால் அந்த மழமழப்பைத் தடவிப் பார்த்தாள். பிறகு என் முன்னாலேயே கைடுக்குப் போன் போட்டாள்.

“சார், அந்தத் தலை உள்ள பீஸ் போயிருச்சு... என் கவனக்குறைவுதான் சார்... போட்டோ இருக்கு, ஆனா கோடு அதுல தெரியாது... ஆமா சார், பனி விலகினப்புறம் திரும்பப் போய்த்தான் தேடணும்... அடுத்த வருசந்தான்.”

நான் செய்ததற்கு அவள் தலை குனிந்து நின்றாள். ஒரு வருசம் அவளுடையது, நுரையாகப் போனது. கையை நீட்டிப் போனை வாங்கினேன்.

“சார், அது அவ தப்பில்ல. நாந்தான் ஆசிட்ல முக்கிட்டேன். அவளோட அத்தான் பேசுதேன்.”

அவர் நிதானமாகக் கேட்டார்.

“நீங்க என்ன தொழில் பண்றீங்க?”

“சங்கு வியாபாரம் சார்.”

“அப்ப சுண்ணாம்பு ஆசிட்ல கரையும்னு உங்களுக்குத் தெரியாதா?”

பட்டறையில் தினமும் நான் போடுகிற கூப்பாடே அதுதான். ஏலே, சட்டுன்னு தூக்குலே, சங்கே கரைஞ்சிரும்லே. வாயில் வழக்கமாக வந்து நிற்கிற ஜோக் ஒன்றுகூட வரவில்லை.

“தெரியும் சார்.”

அவர் போனை அவளிடம் கொடுக்கச் சொன்னார்.