பெரியவர் பெயரில் ஒரு குதிரை

குதிரைப் பந்தயக் கழகத்தில் பெயர்ப் பதிவுக்கென்று ஒரு சின்ன அறை உண்டு. ஒரு மேசை, ஓர் இரும்பு அலமாரி, அட்டைகள் அடுக்கிய மரப்பெட்டிகள். அந்த அறையை இருபத்தாறு வருடமாக ஆண்டவளை லாயத்தில் எல்லோரும் கத்தரி அக்கா என்று அழைத்தார்கள். பெயர் கேட்டு வருகிறவர்களின் ஆசையை அவள் வெட்டுகிற வேகத்துக்குக் கிடைத்த பட்டம் அது. காதுபடவே சொல்வார்கள், அவளும் கோபித்துக்கொண்டதில்லை.

பிள்ளைக்கு யார் பெயரை வேண்டுமானாலும் வைக்கலாம், கேட்பாரில்லை. குதிரைக்கு அப்படி வைத்துவிட முடியாது. பதினெட்டு எழுத்துக்கு மேல் போகக் கூடாது. ஓடிக்கொண்டிருக்கிற இன்னொரு குதிரையின் பெயர் கூடாது. பிரபலமான ஒருவரின் பெயர் என்றால் அவரே கையெழுத்துப் போட்ட கடிதம் வேண்டும். அவர் இறந்திருந்தால் வாரிசுகளின் கடிதம். ஒரு பந்தயம் ஓடிவிட்டால் அந்தப் பெயரை மாற்றவும் முடியாது, பெயருக்கு உரியவரே எழுதிக் கேட்டால் ஒழிய.

"நாளைக்கே பேப்பர்ல இன்னார் கடைசியா வந்தார், இன்னார் தடுக்கி விழுந்தார்னு போடுவான். அவர் வந்து சட்டையைப் பிடிச்சா யார் பதில் சொல்றது?" என்பாள்.

ஒருமுறை ஒரு புண்ணியவான் ஒரு பாடகியின் கையெழுத்தைத் தானே போட்டு எடுத்து வந்தான். அலமாரியிலிருந்து பாடகியின் பழைய கடிதம் ஒன்றை எடுத்துப் பக்கத்தில் வைத்துப் பூதக்கண்ணாடியால் பார்த்தாள். "அந்தம்மா கடைசி எழுத்துக்கு முன்னாடி பேனாவைத் தூக்குவாங்க. நீங்க தூக்கலையே" என்று சொல்லித் திருப்பி அனுப்பினாள். அன்றிலிருந்து எந்தக் கடிதம் வந்தாலும் கண்ணில் விளக்கெண்ணெய் விட்டுக்கொண்டு பார்ப்பது அவளுக்குப் பழக்கமாகிவிட்டது.

கல்யாணம் செய்துகொள்ளவில்லை. மூன்றாவது மாடியில் இரண்டு அறை வீடு, கூடத் தம்பி. அவனும் கழகத்தில்தான், குதிரை டாக்டர். இருவரும் காலையில் ஒன்றாகப் புறப்படுவார்கள், இரவில் ஒன்றாகச் சாப்பிடுவார்கள். யார் முதலில் வந்தாலும் மற்றவருக்காகக் காத்திருப்பது அந்த வீட்டின் ஒரே சட்டம். அவளுக்கு உலகம் என்று இருந்தது அவன் ஒருவன்தான்.

போன வருடம் சிமெண்டுக்காரர் வந்தார். நாட்டின் பாலங்களுக்கெல்லாம் சிமெண்டு கொடுக்கிறவர். தன் புதுக் குதிரைக்குப் பெரியவர் பெயரை வைக்க வேண்டும் என்றார். பெரியவர் என்றால் எந்தப் பெரியவர் என்று அந்த நாட்டில் யாரும் கேட்க மாட்டார்கள். முப்பது வருடமாக ஆள்கிறவர்.

"அவர் கையெழுத்துப் போட்ட லெட்டர் வேணும்" என்றாள். வராது, தொல்லை விட்டது என்று நினைத்தாள். மூன்றாம் நாள் வந்துவிட்டது. பெரியவரே போட்ட கையெழுத்து. நடுக்கம் பிடித்த விரல்களால் இழுத்த கோடுகள், மேட்டில் ஏறும் வண்டி போலத் திணறி நின்றன. வேறு வழியில்லாமல் பதிந்தாள்.

அந்தக் குதிரை தோற்கவே இல்லை. தோற்கடிக்க எந்த ஜாக்கிக்குத் துணிச்சல் உண்டு? மற்ற குதிரைகளின் கடிவாளத்தை இழுத்துப் பிடித்து இழுத்துப் பிடித்தே அவர்கள் கை காய்த்துப் போயிற்று. ஜனங்கள் எழுந்து நின்று கைதட்டினார்கள். உட்கார்ந்திருந்தால் யார் பார்க்கிறார்களோ என்ற பயம்.

இந்த வருடம் ஆறு வாரமாகப் பெரியவரை யாரும் பார்க்கவில்லை. ஓய்வெடுக்கிறார் என்று வானொலி சொன்னது. கழகத்துக்கு எதிரே முடிவெட்டுகிறவர், "பெரியவருக்கு உடம்பு எப்படி இருக்காம்?" என்று ஒருவரிடம் கேட்டார். அவ்வளவுதான் கேட்டார். மறுநாளிலிருந்து அவர் கடை திறக்கவில்லை.

அப்போதுதான் ஒரு காலைப் பயிற்சியில் அந்தக் குதிரை முன்னங்காலை முறித்துக்கொண்டது.

தம்பி ஓடிப்போய்ப் பார்த்தான். எலும்பு தோலைக் கிழித்துக்கொண்டு வெளியே நின்றது. ஊசி போட்டு முடிப்பதைத் தவிர வேறு வைத்தியம் இல்லை. ஆனால் அதற்கு ஒரு படிவம் உண்டு. குதிரையின் பெயரை எழுதி, 'என் கையால் கொன்றேன்' என்று டாக்டர் கையெழுத்திட வேண்டும். பெரியவரைப் பற்றி ஊரில் இப்படி ஒரு சந்தேகம் நடமாடும்போது, அந்தப் பெயரை எழுதி அதன் கீழே தம்பி கையெழுத்துப் போடுவதா?

"அக்கா, அது துடிக்குது. என்னால பாத்துக்கிட்டு நிக்க முடியல. போட்டுடறேன்" என்றான் தொலைபேசியில்.

"போட்டுடாதடா. கொஞ்சம் பொறு. என் மேல ஆணையா சொல்றேன், பேனாவைத் தொடாத."

கழகச் செயலாளரின் முகத்தில் ஈயாடவில்லை. நல்ல நாளிலேயே முதுகெலும்பு இல்லாத மனிதர். "முதல்ல பேரை மாத்திடலாம் மேடம். அப்புறம் என்ன வேணா பண்ணிக்கட்டும்" என்றார்.

"மாத்த பெரியவர் லெட்டர் வேணும் சார்."

வழக்கமாகச் சொல்கிற சொல்தான். சொன்ன பிறகுதான் நாக்கைக் கடித்துக்கொண்டாள். செயலாளர் அதற்குள் பெரியவரின் அலுவலகத்துக்குத் தொலைபேசியைச் சுழற்றிவிட்டார். காத்திருக்கச் சொன்னார்கள். லாயத்தில் குதிரையும் காத்திருந்தது. மயக்க மருந்து தீரத் தீர அது கத்துவது பதிவறை வரைக்கும் கேட்டது.

இரண்டு மணிக்கு ஒருவர் கடிதத்தோடு வந்தார். மடிப்புக் கலையாத சட்டை, அமைதியான குரல். கடிதத்தை மேசையில் வைத்துவிட்டு எதிரே உட்கார்ந்தார்.

வேறு யாராக இருந்தாலும் கண்ணை மூடிக்கொண்டு முத்திரை குத்தியிருப்பார்கள். அவள் கை தானாக அலமாரிக்குப் போயிற்று. பழைய கடிதத்தை எடுத்தது, பக்கத்தில் வைத்தது, பூதக்கண்ணாடியைப் பிடித்தது. பாழாய்ப்போன பழக்கம்.

புதிய கையெழுத்தில் நடுக்கமே இல்லை. ஒரே இழுப்பில் வழுக்கிக்கொண்டு போயிருந்தது. எண்பது வயதுக் கை ஒரே வருடத்தில் இளமையாகிவிடாது. இது பெரியவர் போட்டதல்ல. இவ்வளவு அவசரமான ஒன்றுக்கு அவர் போடவில்லை என்றால், அவரால் போட முடியவில்லை. நாடு முழுக்கக் கேட்கப் பயந்த கேள்விக்கு அவள் மேசையில் பதில் கிடந்தது. அவர் இல்லை.

தலை நிமிர அவளுக்குத் தைரியம் வரவில்லை. லாயத்திலிருந்து மறுபடி அந்தச் சத்தம். தம்பி இந்நேரம் படிவத்தை எடுத்திருப்பானோ?

"சரியா இருக்குங்க" என்றாள். இருபத்தாறு வருடத்தில் அந்த மேசையில் அவள் சொன்ன முதல் பொய் அது.

"புதுப் பேர் என்ன வைக்கலாம்?" என்று கேட்டார் வந்தவர்.

இத்தனை வருடத்தில் அவள் எந்தக் குதிரைக்கும் பெயர் வைத்ததில்லை, வெட்டித்தான் இருக்கிறாள். கடிகாரத்தைப் பார்த்துவிட்டு 'மத்தியானம்' என்று எழுதினாள். அந்தப் பெயரில் வேறு குதிரை ஓடுகிறதா என்று பெட்டியிலும் ஒருமுறை பார்த்துக்கொண்டாள். இல்லை. முத்திரை குத்தி, ஆள் மூலம் லாயத்துக்கு அனுப்பினாள்.

வந்தவர் எழுந்திருக்கவில்லை.

"ரொம்ப நேரம் பாத்தீங்க மேடம்."

"எல்லா லெட்டரையும் அப்படித்தாங்க பாப்பேன்."

"கேள்விப்பட்டிருக்கேன். பாடகி கதைகூடச் சொன்னாங்க." இரண்டு கடிதங்களையும் சேர்த்து மடித்துச் சட்டைப்பைக்குள் வைத்தார். "வேற யாராவது இதைப் பாத்தாங்களா? உங்க தம்பி?"

"இல்ல. அவன் குதிரை கூடத்தான் இருக்கான். காலையில இருந்து இந்த ரூம் பக்கமே வரல. அவனுக்குப் பேர் மாறினது மட்டும்தான் தெரியும்." இதை மட்டும் அவள் அவர் கண்ணைப் பார்த்துச் சொன்னாள்.

அவர் சட்டைப்பையைத் தொட்டுப் பார்த்துக்கொண்டார். "நல்லது. அப்ப நீங்க மட்டும் வந்தாப் போதும்" என்றார். "வண்டி வெளியில நிக்குது."

செருப்பை மாட்டிக்கொண்டபோது தொலைபேசி மணி அடித்தது. எடுத்துப் பேசுங்கள் என்று அவர் கையைக் காட்டினார்.

"முடிஞ்சுதுக்கா" என்றான் தம்பி. "வலி இல்லாமப் போச்சு. நல்லவேளை, நீ பேரை மாத்திக் குடுத்த. வீட்டுக்குப் போயி ஏதாவது சமைச்சு வைக்கறேன். நீ எத்தனை மணிக்கு வர்ற?"

"எனக்காகக் காத்திருக்காதடா" என்றாள் அவள். "நீ சாப்பிட்டுடு."