நான்கு இருக்கை விமானம்

எந்த லைசன்ஸ் எடுப்பது என்று பல வாரம் யோசித்தேன். இரண்டு இருக்கை கொண்ட சிறுரக விமானத்துக்கானது சீக்கிரம் முடியும். தனியார் விமானி லைசன்ஸ் என்றால் நான்கு இருக்கை விமானம் ஓட்டலாம், ஆனால் படிப்பு அதிகம். முதியோர் இல்லத்தில் வேலை செய்யும் எனக்குச் சின்னதே போதும். கொஞ்ச நேரம் தனியாக மேலே இருக்கத்தான் ஆசைப்பட்டேன்.

கணவர் விடவில்லை.

"ரெண்டு சீற்றை வைச்சு என்ன செய்யிறது? பெரிசை எடும். பிள்ளையின்ரை சாமத்திய வீட்டுக்குக் குடும்பமாய்ப் பறப்பம்."

'குடும்பமாய்' என்ற சொல்லில் மயங்கிவிட்டேன். வேலையால் வந்து, காலநிலைப் பாடத்தை நோர்வேஜிய மொழியில் மண்டை காயப் படித்தேன். லைசன்ஸ் கிடைத்த பிறகுதான் மகளின் பூப்புச் சடங்குக்கு ரொம்மன் என்ற இடத்தில் மண்டபம் எடுத்தோம்.

சடங்கன்று காலை, நான் வாடகைக்கு எடுத்த விமானத்தில் மகளைச் சேலையும் நகையுமாக ஏற்றி இறக்கி, மறுபடி ஏற்றி இறக்கிப் படம் பிடித்தார் வீடியோக்காரர். கணவர் என் ஹெட்செட்டைப் போட்டுக்கொண்டு விமானியின் இருக்கையில் இருந்துகொண்டு சிரித்தார்.

"பெல்ட்டைப் போடுங்கோ, வெளிக்கிடுவம்," என்றேன்.

"உமக்கென்ன விசரே? பிள்ளையின்ரை தலைச்சோடினை குலைஞ்சிடும். ஹோலிலை சனம் பாத்துக்கொண்டு நிக்குது."

மகளைப் பார்த்தேன். "படம் எடுத்ததே காணும் அம்மா, பறக்க வேண்டாம்," என்றாள்.

மண்டபத்துப் பெரிய திரையில் விமானம் வந்தபோது எல்லோரும் கைதட்டினார்கள். விமானியாக அவர்தான் தெரிந்தார். ஒரு காட்சியிலும் நான் இல்லை.

இப்போதும் இடைக்கிடை அந்த விமானத்தை எடுக்கிறேன். வெறும் இருக்கைகளின் பெல்ட்டுகள் பறக்கும்போது ஆடக்கூடாது. ஏறுவதற்கு முன் மூன்றையும் நானே இறுக்கிக் கட்டிவிடுகிறேன்.