தலைப்பிரசவத்துக்கு வெள்ளையடித்த வீடு

மனைவியைத் தலைப்பிரசவத்துக்குக் கொண்டுபோய் விட்ட அன்று, பன்விலப் பக்கத்துத் தேயிலைத் தோட்டமொன்றில், தொழிலாளர் குடியிருப்பு வரிசையில் இருந்த அவள் பெற்றோரின் லய வீடு சுண்ணாம்பு வாசம் அடித்தது. ஏழாம் மாதம் வளையல் போட்டு மகளைத் தாய்வீட்டுக்கு அழைப்பது வழக்கம். வருகிற மகளுக்கு வீடு புதிதாக இருக்க வேண்டும் என்று மாமனார் தானே நின்று வெள்ளையடித்திருந்தார்.

நான் கண்டியில் ஒரு பத்திரிகையின் செய்தியாளன். மழைக்காலங்களில் மண்சரிவுச் செய்திகளுக்காக மலையேறி இறங்கியவன். ஆகவே என் கண் நேரே பின்சுவருக்குப் போனது. மூலையிலிருந்து ஜன்னல்வரை படிப்படியாக ஏறிய ஒரு சீமெந்துக் கோடு, சுண்ணாம்புக்கு அடியில் மேடாகத் தெரிந்தது.

"அது என்ன மாமா?"

"பழைய சுவரு மாப்பிள்ள. நம்மள மாதிரித்தான். வயசானா சுருக்கம் விழும்."

மாமியார் உள்ளேயிருந்து சொன்னார்: "பேப்பர்காரருக்குப் பொண்ணு குடுத்தா இப்பிடித்தான். சுவத்துக்கிட்டயும் பேட்டி எடுப்பாரு."

எல்லோரும் சிரித்தோம். பிறகு வீட்டின் பின்னால் போய்ப் பார்த்தேன். சுவருக்கும் தேயிலைச் சரிவுக்கும் நடுவே மழைத்தண்ணீர் ஓடும் ஒரு கான் மட்டும்தான். அதற்கு மேலே சில செடிகள் வீட்டுப் பக்கம் சாய்ந்திருந்தன. அவற்றின் அடியில் நீளமாக, புதிதாக, செம்மண் திணித்து மண்வெட்டியால் தட்டியிருந்தார்கள். நிலத்தில் விழுந்த வெடிப்பையும் அடைத்துவிட்டார் மாமனார். அவரிடம் கள்ளம் இல்லை. பிள்ளைத்தாய்ச்சி வரும் வீட்டில் விரிசல் கண்ணில் படக்கூடாது, அவ்வளவுதான். ஆபத்தைக் காட்டக்கூடிய இரண்டு அடையாளங்களும் அப்படித்தான் மறைந்தன. அந்தச் சுவரை ஒட்டித்தான் மனைவிக்குக் கட்டில் போட்டிருந்தார்கள். அங்கேதான் குளிர்காற்று படாதாம்.

மண்சரிவு அபாயத்தைப் பார்க்கும் அலுவலகத்துக்குத் தகவல் சொன்னேன். வந்து பார்த்தவர்களுக்கு மாமனார் தேத்தண்ணி கொடுத்து, வெள்ளைச் சுவரைக் காட்டி அனுப்பியிருக்கிறார். அவர்கள் பார்த்ததில் குறை ஒன்றுமில்லை.

மழை தொடங்கியது. வேலையில்லாத நாட்களில் நான் போய் வந்தேன். ஒருமுறை சுண்ணாம்பில் மயிரிழை போல ஒரு கோடு இருந்தது. அடுத்த முறை அது இல்லை.

"நீங்க வர்றீங்கன்னு அப்பா நேத்து இன்னொரு தடவ அடிச்சாரு," என்றாள் மனைவி. வயிற்றில் கை வைத்தபடி சுவரைப் பார்த்துக்கொண்டிருந்தாள். "அடிக்கிறதுக்கு முன்னாடி நான் விரல வச்சுப் பார்த்தேங்க. நகம் உள்ள போகுது."

அன்றே கண்டிக்குத் திரும்பலாம் என்றேன். மாமியாருக்குக் கோபம் வந்துவிட்டது.

"வளையல் போட்டுக் கூட்டிட்டு வந்த பிள்ளைய வெறுங்கையோட திருப்பி அனுப்புனா, லயத்துல என்ன பேசுவாங்க? சோறு போட வக்கில்லேன்னு பேசுவாங்க."

"கண்டியில கிளினிக் கிட்டத்துல இருக்குன்னு சொல்லிக்கங்கம்மா," என்று சொல்லிக்கொண்டே மனைவி உடுப்புகளை மடித்தாள். அவள் முடிவெடுத்த பிறகு யாரும் தடுக்கவில்லை. மாமியாரும் முணுமுணுத்துக்கொண்டே கூட வந்தார். பையை ஆட்டோவில் ஏற்றிவிட்ட மாமனார் மட்டும், "பேரப்புள்ளைய இங்க தூக்கிட்டு வாங்க. நான் அங்க வந்து பாக்குறதா இல்ல," என்று சொல்லிவிட்டு உள்ளே போய்விட்டார்.

கண்டி ஆஸ்பத்திரியில் பெண் குழந்தை பிறந்தது. சுகப்பிரசவம். வாடகை வீடு முழுக்கப் பூண்டும் நல்லெண்ணெயும் மணத்தன. மாமியார் காலை நீட்டி உட்கார்ந்து, கால்மேல் குழந்தையைப் போட்டுக் குளிப்பாட்டுவார். தண்ணீர் பட்டதும் அது இரண்டு கைகளையும் விரித்து, எதையோ பிடிக்கப் பார்ப்பதுபோல் திடுக்கிடும்.

மலை அசையவில்லை. "எங்க மாப்பிள்ள ஒங்க மண்சரிவு? பேப்பர்லயும் காணலியே," என்பார் மாமியார். நானும் சிரிப்பேன். என் கணக்குப் பிழைத்தால் நல்லது என்றுதான் நினைத்தேன். மாமனார் சொன்ன சொல் மாறாமல் அங்கேயே இருந்தார். முப்பதாம் நாள் சடங்குக்குக் குழந்தையைக் கொண்டுவர வேண்டும் என்று தினமும் தொலைபேசியில் நச்சரித்தார். மனைவி பேச்சை மாற்றினாள்.

சடங்கு நெருங்கிய ஒரு பகல். விடியற்காலையில் பிடித்த மழை விடவில்லை. மாமியார் மாமனாரை அழைத்து, தொலைபேசியை ஒலிபெருக்கியில் போட்டு, சாப்பிட்டாரா என்று கேட்டார்.

"ஆச்சு. கதவுதான் சாத்த மாட்டேங்குது. மழைக்குப் பலகை ஊதிருச்சு போல."

"சோம்பேறி மனுசன். ஓரத்தக் கொஞ்சம் செதுக்கி விடுங்களேன்."

பலகை ஒரு பகலில் ஊதுவதில்லை. சுவர் நகர்ந்தால் கதவு நிலை கோணும். சரிவில் தப்பியவர்கள் சிலர் அதை என்னிடம் சொல்லியிருக்கிறார்கள். நான் தொலைபேசியை வாங்கினேன்.

"எப்பயிருந்து மாமா?"

"காலையில நல்லாத்தான் இருந்துச்சு."

"பின்னால ஏதாச்சும் சத்தம் கேக்குதா?"

"தண்ணி ஓடுது. கான்ல இல்ல... மலைக்குள்ள ஓடுற மாதிரி."

மாமியாரின் முகத்தில் சிரிப்பு நின்றுவிட்டது. உடனே வெளியேறச் சொன்னேன். அடுப்பில் உலை இருக்கிறது, மழை விடட்டும் என்றார் மாமனார். மனைவி என் கையிலிருந்து தொலைபேசியைப் பிடுங்கினாள்.

"அப்பா, ஒங்க பேத்தி மொகத்த நீங்க இன்னும் பாக்கல."

"நீதான் கொண்டு வரணும்."

"கொண்டு வர மாட்டேன். அந்த வீட்டுக்கு எப்பவுமே கொண்டு வர மாட்டேன். பாக்கணும்னா இப்பவே கெளம்பி வாங்க. உலைய அப்படியே விட்டுட்டு வாங்க. பக்கத்து வீட்டுக்காரங்களையும் கூப்பிடுங்க."

குழந்தை அழ ஆரம்பித்தது. மனைவி அசையாமல் நின்றாள். அந்தப் பக்கம் பாத்திரம் ஒன்று உருண்டது. பிறகு மழைச் சத்தம் திடீரென்று பெரிதாகக் கேட்டது. அவர் வெளியே வந்துவிட்டார். அடுத்த வீட்டுக் கதவைத் தட்டிக் கத்துவது கேட்டது. யார் யாரோ பேசினார்கள். ஒரு பிள்ளை ஏன் என்று கேட்டது.

"எல்லாரும் வாசலுக்கு வந்துட்டோம்," என்றார் மூச்சு வாங்க. "எந்தப் பக்கம் போறதுன்னு மாப்பிள்ளகிட்ட கேளு."