கம்பெனி மேடத்தின் கண்ணாடி லிஃப்ட்

கம்பெனி மேடம் பார்த்த முதல் வேலை, வருகிற ஆட்களைத் திருப்பி அனுப்புவது. பெரிய நிறுவனம் ஒன்றின் வரவேற்பு மேசையில் உட்கார்ந்து, "சார் மீட்டிங்ல இருக்காங்க" என்ற ஒரே பொய்யை ஆளுக்குத் தகுந்தாற்போல் விதவிதமாகச் சொல்லவேண்டும். மற்றவர்களிடம் சரளமாக வரும் பொய், ஃபைலைக் கையில் பிடித்துக்கொண்டு வேலை கேட்டு வரும் பிள்ளைகளைப் பார்த்தால் மட்டும் தொண்டையில் சிக்கும். தண்ணீர் கொடுத்து, எந்த மாடியில் யாரைப் பார்த்தால் காரியம் நடக்கும் என்று குரலைத் தாழ்த்திச் சொல்லி அனுப்புவார். விஷயம் மேலே தெரிந்ததும் வேலை போயிற்று.

பல்கலைக்கழகத்தில் வேலைவாய்ப்புப் பிரிவுக்கு ஆள் தேடிக்கொண்டிருந்தார்கள். கம்பெனிகளை உள்ளும் புறமும் அறிந்தவர் வேண்டும் என்றார் டீன். "வாசலைத் தவிர வேற எதுவும் எனக்குத் தெரியாது சார்" என்று இவர் உள்ளதைச் சொன்னார். டீன் அதை ஜோக் என்று எடுத்துக்கொண்டு சிரித்தார். வேலை கிடைத்துவிட்டது. எப்போது பார்த்தாலும் யாராவது ஒரு கம்பெனிக்காரரோடு போனில் இருந்ததால், மாணவர்கள் அவரைக் கம்பெனி மேடம் ஆக்கினார்கள்.

மாடிப்படிக்குக் கீழே, சரிந்த கூரையோடு ஓர் அறை. உயரமான பையன்கள் குனிந்துதான் நுழையவேண்டும். "இன்டர்வியூல பணிவு முக்கியம், இங்கேயே பழகிக்கோ" என்பார். சுவரில் ஆணியடித்து ஒரு டை மாட்டியிருந்தார். அதன் முடிச்சை யாரும் அவிழ்க்கக் கூடாது. தலை வழியாக மாட்டி, தலை வழியாகவே கழற்றித் தரவேண்டும். மேசைக்கடியில் பாலிஷ் போட்ட ஷூ இரண்டு ஜோடி, எட்டாம் நம்பரும் ஒன்பதாம் நம்பரும். பத்தாம் நம்பர் கால்காரர்கள் விரலை மடக்கிக்கொண்டு போய் வேலை வாங்கிவந்த கதைகளும் உண்டு.

காலையில் உட்கார்ந்தால் கம்பெனி கம்பெனியாகக் கூப்பிடுவார். அந்தப் பக்கம் ஒரு பெண் குரல், "சார் மீட்டிங்ல இருக்காங்க மேடம்" என்று சொல்லும். "மீட்டிங் முடிஞ்சு டீ குடிக்க வருவாரில்ல, அப்ப சொல்லும்மா. நானும் அந்த நாற்காலியில உட்கார்ந்தவதான்" என்பார். பாதிப் பேர் சிரித்துக்கொண்டே இணைப்பைக் கொடுத்துவிடுவார்கள்.

லிஃப்ட் கம்பெனியைப் பிடித்தது அப்படித்தான். "உங்க பசங்களுக்கு ஃபார்முலா தெரியுது, ஸ்குரூ எந்தப் பக்கம் திரும்பும்னு தெரியலையே" என்று அங்கே ஒருவர் சலித்துக்கொண்டார். "அப்ப ஒரு லிஃப்டைக் குடுங்க, தெரிஞ்சுக்கட்டும்" என்றார் இவர், ஒரு பேச்சுக்கு. அவர்கள் கொடுத்தே விட்டார்கள். பட்டறைக் கட்டடத்தின் நடுவில் மூன்று மாடி உயரத்துக்குக் கண்ணாடிக் கூடு எழும்பியது. உள்ளே கயிறு ஓடுவதும் கதவு பூட்டுவதும் வெளியிலிருந்தே தெரியும். ஒப்பந்தமும் எளிமையானது. கடைசி இரண்டு வருடம் பாதி நாள் வகுப்பு, பாதி நாள் லிஃப்ட். தேறியவர்களைக் கம்பெனி எடுத்துக்கொள்ளும்.

சொல்லிக்கொடுக்க வந்த கம்பெனி மெக்கானிக்கின் முதல் பாடம் வாய்க்குத்தான். "லிஃப்ட் நின்னுபோச்சா? எதையும் தொடுறதுக்கு முன்னாடி வாயைத் திற. உள்ளே யாராவது இருக்கீங்களான்னு கேளு. பதிலுக்குக் காது குடு. அப்புறம்தான் மெயின் சுவிட்ச்." பிள்ளைகள் கேன்டீனில் கதவைத் தட்டும்போதுகூட "உள்ளே யாராவது இருக்கீங்களா?" என்று கத்த ஆரம்பித்தார்கள்.

முதல் அணி முழுதும் வேலைக்குப் போனது. நீல யூனிஃபார்மில் நின்று படம் அனுப்பினார்கள். அந்தப் படத்தைக் காட்டித்தான் கம்பெனி மேடம் அடுத்த அணிக்கு வீடு வீடாகப் பேசினார். அதில் ஒரு வீடு சொந்தத் தங்கையுடையது. தங்கை மகளுக்கு வேறு கல்லூரியில் கணக்கியல் இடம் கிடைத்திருந்தது.

"லிஃப்டு ரிப்பேருக்காக்கா என் பொண்ணு?" என்றாள் தங்கை.

"ரிப்பேர் இல்லடி, வேலை. படிச்சு முடிச்ச கையோட வேலை. நான் பொறுப்பு."

"நீ சொன்னா சரிதான்க்கா."

பெண் சேர்ந்தாள். வீட்டில் பெரியம்மா, பட்டறையில் மேடம் என்று மாற்றி மாற்றிக் கூப்பிட்டு, சில நேரம் "பெரியம்மா மேடம்" என்று இரண்டையும் சேர்த்துக் கொட்டுவாள். வகுப்பே சிரிக்கும்.

இவர்கள் கடைசி வருடத்துக்கு வந்தபோது லிஃப்ட் கம்பெனி கைமாறியது. அதைக் கம்பெனி மேடத்துக்கு யாரும் சொல்லவில்லை. போன் சொன்னது. பழகிய பெண் குரலுக்குப் பதிலாக ஒரு பதிவுக் குரல், ஒன்றை அழுத்து, இரண்டை அழுத்து என்றது. எதை அழுத்தினாலும் சுற்றிச் சுற்றி அதே குரல். இத்தனை வருடத்தில் அவர் பேசிச் சமாளிக்க முடியாத முதல் ஆள் அது.

மெக்கானிக் வருவது நின்றது. "மறு உத்தரவு வரும்வரை தொடக் கூடாது" என்று லிஃப்ட் கதவில் ஒரு தாள் ஒட்டப்பட்டது. கண்ணாடி துடைத்தால் தொட்டதாகாது என்று முடிவு செய்து பிள்ளைகள் தினமும் கண்ணாடியைத் துடைத்தார்கள். அதைச் செய்யவேண்டாம் என்று சொல்ல அவருக்கு மனம் வரவில்லை.

பிறகு ஒரு நாள் கடிதம் வந்தது. புதிய கம்பெனியிலிருந்து ஓர் அதிகாரி லிஃப்டைப் பார்வையிட வருகிறார். ஒப்பந்தத்தைப் புதுப்பிக்கத்தான் வருகிறார் என்று கம்பெனி மேடம் நம்பினார், டீனும் நம்பினார். பிள்ளைகள் துவைத்த சட்டையில் வந்தார்கள். வகுப்பிலேயே பெரிய தொண்டைக்காரனான மைக் என்று பட்டப்பெயர் வாங்கிய பையனின் கழுத்தில் ஆணி டை ஏறியது.

அதிகாரி சின்ன வயது, மரியாதையான ஆள். கையில் டேப்லெட். எல்லோருக்கும் வணக்கம் சொல்லிவிட்டு, "ஒரு தடவை ஏறிப் பார்த்துடலாமா மேடம்?" என்றார்.

"சர்வீஸ் பண்ணி மூணு மாசம் ஆச்சு சார்."

"ரெண்டு மாடிதானே."

முதல் மாடியைத் தாண்டியதும் லிஃப்ட் ஒரு குலுக்குக் குலுக்கி நின்றது. முதல் மாடியில் நின்ற மாணவர்களுக்குக் கண்ணாடி வழியே மேடத்தின் செருப்பும் அதிகாரியின் ஷூவும் மட்டும் தெரிந்தன.

அதிகாரி அவசரப் பொத்தானை அழுத்தினார். உள்ளே இருந்த ஒலிபெருக்கி கரகரத்தது. நீங்கள் அழைத்த எண் உபயோகத்தில் இல்லை. அவர் சிரிக்க முயன்று, தன் செல்போனில் தன் கம்பெனியின் சேவைப் பிரிவைக் கூப்பிட்டார். அங்கேயும் ஒன்றை அழுத்து, இரண்டை அழுத்து. கடைசியில் ஓர் ஆள் கிடைத்தான். இந்த முகவரி எங்கள் வாடிக்கையாளர் வரிசையில் இல்லையே சார் என்றான்.

"நான் கம்பெனி ஆள்தான்ப்பா, உள்ளே மாட்டிக்கிட்டிருக்கேன்."

"புரியுது சார். வாடிக்கையாளர் நம்பர் சொல்லுங்க சார்."

அதிகாரி போனை வைத்தார். அந்த இடுக்கில் கம்பெனி மேடத்துக்கு வாய்ப்புக் கிடைத்தது. இவ்வளவு நேரம் எந்த மேலதிகாரியும் அவருக்கு ஒதுக்கியதில்லை. இந்த அதிகாரியால் மீட்டிங்குக்கும் ஓடமுடியாது.

"சார், ஒப்பந்தம் எப்ப புதுப்பிப்பீங்க? பிள்ளைங்க ரெண்டு வருஷமா இதையே நம்பிப் படிச்சிருக்காங்க."

அவர் வேர்வையைத் துடைத்துக்கொண்டார். "நான் அதுக்கு வரல மேடம். இந்த லிஃப்டைக் கழற்றி எடுத்துட்டுப் போகலாமான்னு பார்க்கத்தான் அனுப்பினாங்க. ஆள் எடுக்கிறது இனிமே மொத்தமா வெளி ஏஜென்சி. எனக்கே அடுத்த வருஷம் அங்க இருப்பேனான்னு தெரியாது."

கம்பெனி மேடம் கைப்பிடிக் கம்பியைப் பிடித்துக்கொண்டார். என்ன பேசினாலும் பயன்படாத ஆளிடம் மாட்டிக்கொண்டிருப்பது அப்போதுதான் உறைத்தது.

மேலே இயந்திர அறையிலிருந்து ஒரு குரல் வந்தது. "உள்ளே யாராவது இருக்கீங்களா?"

தங்கை மகள்.

"தெரியலையாடி? நான்தான்!"

"எத்தனை பேர்? யாருக்காவது உடம்புக்கு முடியலையா?" பாடத்தில் உள்ள வரிசை மாறாமல் கேட்டாள்.

"ரெண்டு பேர். ஒருத்தருக்கு ரொம்ப வேர்க்குது."

"கதவுகிட்ட நிக்காதீங்க. மெயினை ஆஃப் பண்ணப் போறோம்."

அதிகாரி பதறினார். "வேண்டாம் மேடம்! அங்கீகாரம் இல்லாதவங்க தொடக் கூடாது. ஏதாவது ஆச்சுன்னா என் தலையில விடியும்."

"உங்க கம்பெனி சொல்லிக்கொடுத்த பிள்ளைங்க சார்."

"பழைய கம்பெனி மேடம்."

வெயில் கண்ணாடியில் இறங்கியது. விசிறி ஓடவில்லை. அதிகாரி சட்டைப் பொத்தானைத் தளர்த்தினார், தரையில் உட்கார்ந்தார், எழுந்தார். கடைசியில், "சரி, செய்யச் சொல்லுங்க. ஆனா யாரும் வீடியோ எடுக்கக் கூடாது" என்றார்.

மெயின் இறங்கியது. இயந்திர அறையில் மைக் டையைத் தோளுக்குப் பின்னால் தள்ளிவிட்டு பிரேக் லீவரைப் பிடித்தான். லிஃப்டைக் கையால் இறக்கும் சக்கரத்தைத் தங்கை மகள் பிடித்தாள். அவன் விட, அவள் சுற்ற, அவன் பிடிக்க, கேபின் சாண் சாணாக இறங்கியது. ஒவ்வொரு அசைவுக்கும் முன்னால் "இறக்குறோம்" என்றும், பின்னால் "நிறுத்திட்டோம்" என்றும் மைக்கின் குரல் வந்தது. முதல் மாடிக்கு நேராக வந்ததும் அங்கே நின்ற மாணவி முக்கோணச் சாவியால் கதவைத் திறந்தாள். லிஃப்ட் தரைக்கும் மாடித் தரைக்கும் ஒரு விரல்கூட மேடு பள்ளம் இல்லை.

அதிகாரி வெளியே வந்து, தங்கை மகளின் கிரீஸ் கையைப் பிடித்துக் குலுக்கினார். "எங்க சீனியர் ஆளுங்களே இவ்வளவு நிதானமா செய்ய மாட்டாங்கம்மா." பிள்ளைகள் கைதட்டினார்கள். மைக் விசிலே அடித்தான். இனிமேல் எல்லாம் சரியாகிவிடும் என்று அவர்கள் முகத்தில் எழுதியிருந்தது. அதைப் பார்க்க முடியாமல் கம்பெனி மேடம் தரையைப் பார்த்தார்.

மாடிப்படி அறைக்குள் குனிந்து வந்த அதிகாரியிடம் அவர் கேட்டார்: "இப்ப நடந்ததை மட்டும் உங்க ரிப்போர்ட்ல எழுதுங்க சார். அது போதும். அதை வெச்சு வேற நாலு கம்பெனியில பேசிப்பேன்."

"எழுதலாம் மேடம். எழுதினா, தொடக் கூடாத மெஷினைத் தொட்டது யாருன்னு கேப்பாங்க. அந்தப் பொண்ணு பேரைக் குடுக்கணும். தொட விட்டது யாருன்னு கேப்பாங்க. உங்க பேரு, என் பேரு." அவர் தலையைச் சொறிந்தார். "நடக்கவே இல்லைன்னு விட்டுடறதுதான் பிள்ளைங்களுக்கு நல்லது."

அவர் சொன்னதில் தப்புக் கண்டுபிடிக்க முடியவில்லை. அதுதான் கொடுமை.

சாயங்காலம் தங்கை மகள் வந்தாள். "பெரியம்மா, வேற கம்பெனி இன்டர்வியூல இதைச் சொல்லலாமா? ஆளைக் காப்பாத்தினோம்னு?"

"வேண்டாம்மா."

"ஏன்?"

கம்பெனி மேடம் சொன்னார். அவள் கேட்டுக்கொண்டு, கையைத் துடைத்த துணியை நான்காக மடித்து மேசையில் வைத்துவிட்டுப் போனாள். அன்று தங்கையிடமிருந்து போன் வந்தது. திட்டவில்லை. "நீ என்னக்கா பண்ணுவே" என்றாள். திட்டியிருந்தால் பதிலுக்கு ஏதாவது பேசியிருக்கலாம்.

அடுத்த வாரம் அதிகாரியே கூப்பிட்டார். குரலில் உற்சாகம். "மேடம், உங்க பசங்களுக்கு ஒண்ணு ஏற்பாடு பண்ணிட்டேன். ஏஜென்சிக்காரன்கிட்ட சண்டை போட்டு வாங்கினேன். ரெண்டு நாள் வேலை, கூலி உண்டு, சர்டிஃபிகேட்டும் உண்டு."

"என்ன வேலை சார்?"

அந்தப் பக்கம் ஒரு தயக்கம். "அந்த லிஃப்டைக் கழற்றுறதுதான்."

அதிகாரியால் இவ்வளவுதான் முடிந்தது என்பது கம்பெனி மேடத்துக்குப் புரிந்தது. நன்றி சொல்லி வைத்தார். வகுப்புக் குழுவில் செய்தியைப் போட்டுவிட்டு, ஒருவரும் வரக் கூடாது என்று நினைத்தார். எல்லோரும் வந்தார்கள். யூனிஃபார்ம் கிடையாது என்று சொன்ன பிறகும் எல்லோரும் நீலச் சட்டையில் வந்தார்கள்.

ஏஜென்சியின் மேஸ்திரி கீழே நின்று அவசரப்படுத்தினார். தங்கை மகள் இயந்திர அறைக்கு ஏறினாள். கை சுவிட்சுக்குப் போகும் முன் குனிந்து, "உள்ளே யாராவது இருக்கீங்களா?" என்று கேட்டாள்.

மேஸ்திரி வாய்விட்டுச் சிரித்தார். "கண்ணாடிம்மா அது! காலியா இருக்கிறது தெரியலையா? ஆஃப் பண்ணு!"

அவள் காது கொடுத்துக்கொண்டு நின்றாள். கம்பெனி மேடம் கீழே கண்ணாடியில் கை வைத்து நின்றார்.

மெயின் சுவிட்ச் இறங்கும் சத்தம் மூன்று மாடிக்கும் கேட்டது.