பார்த்தி அண்ணன் திருத்திய குரல்

நேற்று மழையில் நனைந்த மெத்தையை வெயிலில் போட்டேன். அந்தப் புழுங்கிய பஞ்சு வாடை மூக்கில் ஏறியதும் கோலசிலாங்கூரில் பெரியம்மா வீட்டுப் பின்னறை ஞாபகம் வந்தது. கூடவே எரிச்சலும் வந்தது.

அந்த அறைச் சுவரெல்லாம் பழைய மெத்தைகள். வெளிச்சத்தம் உள்ளே வரக் கூடாதாம். பெரியம்மா மகன் பார்த்தி அண்ணன் அங்கேதான் தன் பாட்டு ஆல்பத்தைப் பதிவு செய்தார். கோலாலம்பூரில் ஜாஸ் டிரம்ஸ் படித்தவர். அதை நாங்கள் மறந்துவிடுவோமோ என்ற பயம் அவருக்கு எப்போதும் உண்டு. தோட்டத்துக் கோயில் திருவிழாவில் உறுமி முழங்கினால் காதைப் பொத்திக்கொள்வார். கல்யாண வீட்டில் யாராவது சாம்பார் வாளியை டொக்கென்று வைத்தால்கூட, "டைமிங் சரியில்ல லா" என்பார்.

அப்பேர்ப்பட்டவர் பாப் பாட்டுக்கு இறங்கினார். "ஜாஸ் கேக்குற மண்ட இங்க எவனுக்கும் இல்ல. பாப்னா ஈஸி." சரி, டிரம்ஸாவது வாசிப்பார் என்றுதானே நினைப்பீர்கள்? அதுவும் இல்லை. டிரம்ஸ் இரைச்சல் தாங்காமல் பக்கத்து வீட்டுக்காரர்கள் சண்டைக்கு வந்ததும் மடிக்கணினியில் ஒற்றை விரலால் தட்டித் தாளம் சேர்த்தார். வாசலுக்குப் போன டிரம்ஸின் மேல் பெரியம்மா கருவாடு காயவைத்தார். எனக்குத் தெரிந்து அந்த டிரம்ஸ் செய்த உருப்படியான வேலை அது ஒன்றுதான்.

பாடியது நான். அப்போது ரவாங்கில் ஒரு பேக்டரியில் ஷிப்ட் வேலை. ஞாயிறானால் பஸ் மாறி மாறி வந்து சேருவேன். இந்த ஆல்பம் என்னை அந்த பேக்டரியிலிருந்து மீட்டுவிடும் என்று மனதார நம்பினேன். என்ன அறிவோ! சத்தம் மைக்கில் விழும் என்று அண்ணன் காற்றாடியை நிறுத்திவிடுவார். வேர்வையில் குளித்துக்கொண்டே காதல் பாட்டு.

கோயிலில் பாடிப் பழகிய குரல் எனக்கு. தாளத்துக்குக் கொஞ்சம் பிந்தி வந்து, கடைசியில் எட்டிப் பிடிக்கும். ஜாஸில் அதற்குத்தான் மதிப்பாம், பிற்பாடு யாரோ சொன்னார்கள். அதைப் படித்து வந்தவருக்கு மட்டும் பொறுக்கவில்லை.

"இழுக்காத புள்ள. கம்ப்யூட்டர் கூடவே ஸ்ட்ரெய்ட்டா வா."

"மூச்சு விட வேணாமாண்ணே?"

"மூச்சையெல்லாம் நான் வெட்டிருவேன்."

வெட்டினார். பிந்தியதை முன்னால் இழுத்தார், வளைந்ததை நிமிர்த்தினார். ஆல்பம் இணையத்தில் ஏறியது. சொந்தக்காரர்கள் கேட்டார்கள், அதோடு சரி. திங்கட்கிழமை நான் வழக்கம்போல் ஷிப்டுக்குப் போனேன்.

சில வருடங்களில் எனக்குக் கழுத்தில் கட்டி. அறுத்து எடுத்தார்கள். இப்போது பேச வரும், பாட வராது. போன மாதம் என் மகள் கேட்டாளே என்று அந்த ஆல்பத்தைப் போட்டுக் காட்டினேன். பாதிப் பாட்டில் நிமிர்ந்து பார்த்தாள்.

"இது நீங்க இல்லம்மா. யாரோ."

உடனே பார்த்தி அண்ணனுக்குப் போன் போட்டேன். "அண்ணே, திருத்துறதுக்கு முன்னால நான் பாடுனது இருக்கா?"

"அதெல்லாம் அப்பவே அழிச்சிட்டேன் லா. ஒரே தப்பு தப்பா இருந்துச்சு."

போனை வைத்துவிட்டு அழுதேன். அந்தத் தப்புகளை என் மகள் ஒரு தடவையாவது கேட்டிருக்கலாம்.