வல்லநாட்டில் நாங்கள் பார்க்காத மான்

பாப்பாவுக்கு வெளிமான் காட்டலாமென்று இன்று நானும் கணவரும் தூத்துக்குடியிலிருந்து வல்லநாட்டு மலைக்குக் கூட்டிப் போனோம். வெயிலில் ஒரு மணி நேரம் நடந்தும் உடைமரங்களைத் தவிர எதுவும் கண்ணில் படவில்லை.

அப்போது, குடும்பத்தோடு வந்திருந்த ஒரு அண்ணாச்சி எங்கள் பக்கம் ஃபோனை நீட்டிப் படம் எடுத்தார். நேராக அவரிடம் போனேன்.

"எதுக்கு எம் பிள்ளைய எடுத்தீங்க?"

"பிள்ளையையா? பின்னால நின்ன மானையில்லா எடுத்தேன்."

ஃபோனை வாங்கிப் பார்த்தேன். படம் முழுக்கப் பாப்பாதான். அவள் தோளுக்குப் பின்னால், புதர் ஓரத்தில் கடுகளவு மான்.

"அழிச்சிருங்க அண்ணாச்சி."

"ஏரல்லருந்து இதுக்குன்னே வந்திருக்கோம்மா."

ஆனாலும் அழித்தார். "டிராஷ்ல கெடக்கும்லா, அங்கனயும் அழிங்க" என்றேன். அதையும் செய்துவிட்டு, "நீங்களாவது மானைப் பாத்தீயளா?" என்று கேட்டார்.

திரும்பிப் பார்த்தோம். புதர் மட்டும்தான் இருந்தது. "மான் எங்கம்மா?" என்று பாப்பா வீடு வரும்வரை அழுதாள்.

அழிக்கும் முன் படத்தை எனக்கு அனுப்பச் சொல்லியிருக்கலாம் என்கிறார் கணவர். அதற்கு என் நம்பரை அந்த அண்ணாச்சியிடம் கொடுக்க வேண்டுமே. நீங்கள் கொடுத்திருப்பீர்களா?