ஆடாமல் இருக்க வேண்டிய ஆறு மாதம்

காலையில் டி-ஷர்ட் போட்டபோது வலது கைப் பக்கம் மட்டும் இறுக்கிப் பிடித்தது. துவைத்ததில் சுருங்கியிருக்கும் என்று வேறொன்றை மாட்டினேன். அதுவும் அப்படியே. கண்ணாடியில் பார்த்தால் தோளிலிருந்து முழங்கை வரை கை பருத்திருந்தது. நிறம் மங்கிய நீலம். வலி என்று சொல்ல எதுவும் இல்லை. விரல் நுனிகள் மட்டும் வேறு யாருடையவோ போல் இருந்தன.

அப்போது நான் ஃப்ரீமான்ட்டில் சேகர் அங்கிள், வசந்தி ஆன்ட்டி வீட்டில் இருந்தேன். சின்ன டென்னிஸ் போட்டிகளுக்கு வரும் ஆட்டக்காரர்களை உள்ளூர்க் குடும்பங்கள் ஒரு வாரம் வீட்டில் தங்கவைத்துக்கொள்வது அமெரிக்காவில் உண்டு. டெக்சஸில் கல்லூரி முடித்து முழுநேரமாக ஆட வந்ததிலிருந்து, இந்தப் பக்கம் போட்டி என்றால் எனக்கு இவர்கள் வீடுதான்.

"என்னப்பா, ஒரு கைக்கு மட்டும் ஜிம் போறியா?" என்றார் அங்கிள், காபியை ஆற்றிக்கொண்டே.

ஆன்ட்டி சிரிக்கவில்லை. "டாக்டர்கிட்ட காட்டிட்டு அப்புறம் ஆடேன்."

நான் ஆடப் போனேன். ஏன் போனேன் என்று புரிய, தரவரிசை எப்படி நடக்கிறது என்று தெரிய வேண்டும்.

கடைசி ஓராண்டில் ஆடிய போட்டிகளில் சேர்த்த புள்ளிகளை வைத்துத்தான் உலகத் தரவரிசை போடுகிறார்கள். ஒரு புள்ளிக்கு ஓராண்டுதான் ஆயுள். போன வருடம் ஒரு போட்டியில் அரையிறுதிக்குப் போயிருந்தால், இந்த வருடம் அதே வாரம் அந்தப் புள்ளிகள் உதிர்ந்துவிடும். மறுபடி அதே அளவு ஆடினால்தான் இருந்த இடத்தில் இருக்கலாம். அடியில் என்னைப் போன்றவர்கள் ஆடும் சிறு போட்டிகள். அதற்கு மேல் இரண்டாம் அடுக்கு. அதற்கும் மேல் தொலைக்காட்சியில் வருபவை. ஒவ்வோர் அடுக்கின் வாசலிலும் கேட்பது ஒன்றுதான்: உன் எண் என்ன? இன்று உச்சியில் இருப்பவர்களும் இந்த வாசல்களில் நின்று ஏறியவர்களே. என் எண் அப்போது அறுநூற்றுச் சொச்சம். இன்னும் நூறு பேரைத் தாண்டினால் இரண்டாம் அடுக்கின் தகுதிச் சுற்றுக்குள் நுழையலாம்.

அது என் போன வருட அரையிறுதி உதிரும் வாரம்.

இரண்டாம் செட்டில் சர்வ் போடப் பந்தை மேலே எறிந்தேன். ராக்கெட் கையில் இருக்கிறதா என்று கண்ணால் பார்த்துத் தெரிந்துகொள்ள வேண்டியிருந்தது. போட்டியின் பிசியோ வந்து என் இரண்டு கைகளையும் அருகருகே வைத்துப் பார்த்தார். ஆட்டத்தை நிறுத்தச் சொன்னார். அங்கிருந்து நேரே எமர்ஜென்சி.

நோயின் பெயர் தொராசிக் அவுட்லெட் சிண்ட்ரோம் (கழுத்தெலும்புக்கும் முதல் விலா எலும்புக்கும் நடுவே உள்ள இடம் குறுகி, அதன் வழியே போகும் நரம்பும் ரத்தக் குழாயும் நசுங்குவது). கையைத் தலைக்கு மேல் தூக்கித் தூக்கி வேலை செய்பவர்களுக்கு வரக்கூடியது. எனக்கு அங்கிருந்த சிரையில் (ரத்தத்தை இதயத்துக்குத் திருப்பிக் கொண்டுபோகும் குழாய்) ரத்தம் கட்டி அடைத்திருந்தது.

அறுவை மருத்துவர் நடுவயதுப் பெண்மணி. என் தோளிலேயே பேனாவால் வரைந்து காட்டினார். கட்டி உடைந்து நுரையீரலுக்குப் போயிருந்தால் உயிருக்கே ஆபத்து என்றார். அடுத்த வாரம் டெக்சஸில் எனக்கு ஒரு போட்டி இருக்கிறது என்றேன். அவர் பேனாவை மூடினார்.

முதலில் மெல்லிய குழாயைச் செலுத்திக் கட்டியைக் கரைத்தார்கள். பிறகு அக்குள் வழியாக முதல் விலா எலும்பை எடுத்தார்கள். ரத்தம் கட்டாமலிருக்க மாத்திரை. அது முடியும்வரை விளையாட்டு கிடையாது. அங்கிளும் ஆன்ட்டியும் என்னை எங்கும் போக விடவில்லை. அவர்கள் வீட்டு மாடி அறை என் அறையாயிற்று.

இதே சிகிச்சைக்குக் காத்திருப்பவர்களுக்கு ஒன்று சொல்ல வேண்டும். அக்குளிலிருந்து கையின் உட்புறம் உள்ளங்கை அகலத்துக்கு மரத்துப்போகலாம். எனக்கு முன்பே சொல்லியிருந்தார்கள். ஆனால் குளிக்கும்போது தண்ணீர் சுடுகிறதா என்று அந்த இடம் சொல்லாதபோதுதான் புரிந்தது. அழுகை வரும் என்று நானும் காத்திருந்தேன். வரவில்லை. மரப்பு அந்த இடத்தோடு நிற்கவில்லை என்று நினைக்கிறேன். சாப்பிட்டேன், தூங்கினேன், கேட்டதற்குப் பதில் சொன்னேன்.

தரவரிசை திங்கட்கிழமை மாறும். வாரம் ஒரு போட்டி உதிர, என் எண் பின்னால் போய்க்கொண்டிருந்தது. தூத்துக்குடியிலிருந்து அம்மா போன் செய்தாள். எங்கள் வீட்டில் பள்ளிக்கூடம் போன முதல் ஆள் நான். ரேங்க் என்ற சொல்லை அம்மாவுக்கு நான்தான் கொண்டுவந்தேன்.

"எய்யா, எழுநூத்து நாப்பதுன்னு சொல்லுதாங்க. நெசமா?"

"ஆமாம்மா."

"நீதான் ஆடவே இல்லியே. ஆடாம எப்பிடிய்யா தோத்த?"

விளக்கினேன். 

"அப்ப நீ காலேஜில படிச்சதையும் வருசா வருசம் அழிச்சிருவாங்களா?"

"அத அழிக்க மாட்டாங்கம்மா."

"அந்த மட்டுக்கும் லாபம். கஞ்சி குடிச்சியா?"

என்னைப் போன்றவர்களுக்கு ஒரு விதி உண்டு. பாதுகாக்கப்பட்ட தரவரிசை (காயப்பட்ட சமயத்து எண்ணை உறையவைத்து, திரும்பி வந்தபின் சில போட்டிகளில் நுழைய மட்டும் பயன்படுத்த விடுவது). அதற்கு நிபந்தனை, குறைந்தது ஆறு மாதம் எந்தப் போட்டியிலும் ஆடியிருக்கக் கூடாது.

ஆறு மாதம் முடிய இன்னும் ஐந்து வாரம் இருந்தபோது மருத்துவர் ஸ்கேனைப் பார்த்தார். ரத்த ஓட்டம் சீராகிவிட்டது, மாத்திரையும் முடிந்தது, போய் ஆடுங்கள் என்றார்.

"இன்னும் ஆறு மாதம் ஆகவில்லையே" என்றேன்.

எதற்கு ஆறு மாதம் என்று கேட்டார். சொன்னேன். அவர் நாற்காலியில் சாய்ந்துகொண்டார். "சீக்கிரம் விடச் சொல்லித்தான் எல்லாரும் கேட்பார்கள்" என்றார். "நான் பார்த்ததைத்தான் எழுதுவேன். ஆடுவதும் ஆடாததும் உங்கள் இஷ்டம்."

ஆன்ட்டிதான் கார் ஓட்டினார். ஃப்ரீவேயில் ஏறியதும் என் பக்கம் திரும்பினார்.

"குணமாயிடுச்சுன்னா எல்லாரும் கோயிலுக்குப் போவாங்க. நீ என்ன மூஞ்சிய இப்படி வச்சிருக்க?"

"இன்னும் அஞ்சு வாரம் பேஷன்ட்டா இருக்கணும் ஆன்ட்டி."

"இரேன். யாரு வேணாங்கறா. ரசம் வைக்கறேன்."

ஆடினால் ஆயிரத்துக்குப் பக்கத்தில் உள்ள என் உண்மை எண்ணோடு ஆட வேண்டும். சும்மா இருந்தால் அறுநூற்றுச் சொச்சம் கிடைக்கும். சும்மா இருந்தேன். உடம்பு சரியான ஆள் நோயாளியாக இருப்பது, நோயாளியாகவே இருப்பதைவிடக் கடினம்.

அந்த ஐந்து வாரத்துக்குள்தான் அங்கிளின் தமிழ்ச் சங்க டபுள்ஸ் வந்தது. அவருடைய ஜோடிக்குக் கால் சுளுக்கிவிட்டது.

"ஒரே ஒரு மேட்ச்ப்பா. செமிஸ்ல இருக்கோம். எதிர்ல யாரு, அந்த குபெர்டினோ ரமணி. மூணு வருஷமா அவன்தான் ஜெயிக்கறான்."

"நான் ஆடக் கூடாது அங்கிள்."

"டாக்டர்தான் ஓகே சொல்லிட்டாங்களே."

"ரூல்ல எந்தப் போட்டியும் ஆடக் கூடாதுன்னு இருக்கு."

"இது ஒரு போட்டியாப்பா? ஜெயிச்சா ப்ரெஷர் குக்கர் தர்றாங்க."

உள்ளிருந்து ஆன்ட்டி குரல் கொடுத்தார். "எவனாவது வீடியோ எடுத்து க்ரூப்ல போடுவான். உங்க குக்கருக்காக அந்தப் பையனோட ஆறு மாசம் போகணுமா?"

அங்கிள் வேறொருவரோடு ஆடினார். நான் பெஞ்சில் உட்கார்ந்து பார்த்தேன். ஒரு பந்து உருண்டு என் காலடியில் நின்றது. பக்கத்தில் யாரோ வைத்த ராக்கெட் இருந்தது. இதுவரை அப்படி ஒரு பந்து வந்தால் என் கை என்னைக் கேட்காமலே எழுந்துவிடும். அன்று எழவில்லை. இடது கையால் எடுத்து எறிந்தேன். ஆட முடியாமல் இருந்த மாதங்களுக்கும் ஆட முடிந்தும் ஆடாத இந்த வாரங்களுக்கும் உள்ளே ஒரு வித்தியாசமும் இல்லை என்பது அப்போது தெரிந்தது. பயமாக இருந்திருக்க வேண்டும். பயமும் தூரத்தில்தான் இருந்தது.

அங்கிள் தோற்று வந்து பக்கத்தில் உட்கார்ந்தார். "நீ இருந்திருந்தா ரமணி இன்னிக்கு அழுதிருப்பான்" என்றார். கோபமில்லை.

ஆறு மாதம் முடிந்ததும் டெக்சஸில் ஒரு போட்டிக்கு அந்த உறைந்த எண்ணைக் கொடுத்தேன். தகுதிச் சுற்று இல்லாமல் நேரே பிரதானச் சுற்றில் இடம் கிடைத்தது. எதிரே கல்லூரி முதலாண்டுப் பையன். கை எனக்கு ஒரு குறையும் வைக்கவில்லை. சர்வ் போகவேண்டிய இடத்துக்குப் போனது. ஆனால் ஒவ்வொரு பந்துக்கும் நான் கொஞ்சம் பிந்தி வந்தேன். ஒரு மணி நேரத்துக்கு மேல் ஆட்டம் நீளவில்லை.

கோர்ட் ஓரத்து நாற்காலியில் உட்கார்ந்தபோது ஒன்று விளங்கியது. அந்த எண் போன வருடத்து ஆளுடையது. அவன் பெயரில் நான் உள்ளே வந்திருந்தேன். இன்னும் சில முறை அப்படி வரலாம், விதி அனுமதிக்கிறது. அங்கேயே போனை எடுத்து, அடுத்த வாரப் போட்டிக்கு என் இப்போதைய எண்ணில், தகுதிச் சுற்றுக்குப் பெயர் கொடுத்தேன். துணிச்சல் என்று இதைச் சொல்ல மாட்டேன். எந்த ஆளாக ஆடுகிறேன் என்று எனக்குத் தெரிய வேண்டியிருந்தது.

பிசியோ கொடுத்த ஐஸ் பையை அக்குளில் வைத்துக்கொண்டேன். நடுவில் குளிர் தெரியவில்லை. கீழ்ப்பக்க ஓரத்தில், கோடு போட்டதுபோல் ஓர் இடத்தில் குளிர் தொடங்கியது. மரப்பு முழுதாகப் போகுமா என்று மருத்துவராலும் சொல்ல முடியவில்லை.

முதல் சுற்றில் தோற்றவனுக்குப் புள்ளி கிடையாது. ஆகவே அடுத்த ஆண்டு இந்த வாரம் என்னிடமிருந்து உதிர ஒன்றும் இருக்காது. ஆடி முடித்தும் காப்பாற்ற வேண்டியது எதுவும் இல்லாத ஒரு வாரம் எனக்கு வாய்த்திருக்கிறது. அடுத்த ஆட்டத்துக்கானவர்கள் கோர்ட்டுக்குள் வரும்வரை அந்தக் கோட்டின் மேல் ஐஸை வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன்.